திருகோணமலையில் வாடகை வீடு: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்தவர்கள் இங்கே தெரிந்த யாருக்காவது அழைப்பெடுத்தால் முதலில் கேட்பது, “அங்க வீட்டு வாடகை எவ்வளவு போகுது?” என்பதுதான். இதற்கு ஒரே தொகையில் பதில் சொல்ல முடியாது. ஒரே வீட்டுக்குத் தையில் ஒரு விலை, வைகாசியில் இன்னொரு விலை. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்றில் அட்வான்ஸ் வாடகையில் கழியும், மற்றதில் கழியாது. ஆகவே மாத வாடகையை மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். ஒரு வருடத்துக்கு எல்லாமாக எவ்வளவு போகும், அந்த வருடம் முழுக்க உங்களை வீட்டை விட்டு எழுப்பாமல் வைத்திருக்க என்ன பத்திரம் கையில் இருக்கும் என்ற இரண்டையும் பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் காசை விடுவது அநேகமாக இந்த இரண்டிலும்தான்.

வாடகை ஏன் இப்படி ஏறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பேரம் பேசும்போது உதவும். 2022 நெருக்கடியில் சீமெந்து மூடை 3,000 ரூபாயைத் தாண்டியது. பாதியில் நின்ற மேல்மாடிகள் பல அப்படியே நின்றன. வீடு கேட்கிறவர்களோ குறையவில்லை. கிழக்கு மாகாணத்தின் தலைநகரம் என்பதால் மாகாணத் திணைக்களங்கள் இங்கேதான். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் உத்தியோகத்தர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பெரியாஸ்பத்திரி, நகரப் பாடசாலைகள், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம், சீனன்குடாவில் பிறீமா மா ஆலை, விமானப்படை, கடற்படை என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் வருகிறார்கள். இதற்கு மேல் கடற்கரை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் குடும்பத்துக்கு விட்ட வீடுகள் பல இப்போது நாள் வாடகைக்குப் போகின்றன. சீனன்குடா எண்ணெய்க் குதங்கள், சம்பூர் சூரிய மின் நிலையம் என்று பெரிய திட்டச் செய்தி எதுவும் வந்தால், திட்டம் வருகிறதோ இல்லையோ, கேட்கிற வாடகை முதலில் ஏறிவிடுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் காலத்தைப் பாருங்கள்

கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய சித்திரையிலிருந்து புரட்டாசி வரை. சுற்றுலாக்காரர் வருவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் அலஸ்தோட்டம் தொடங்கி நிலாவெளி வரை மாத வாடகைக்கு வீடு கேட்டால், வீட்டுக்காரர் மனதில் நாள் வாடகைக் கணக்குத்தான் ஓடும். ஐப்பசியில் மழை தொடங்கியதும் அந்த அறைகள் காலியாகும். கடற்கரைப் பக்கம் வீடு வேண்டுமானால் அதுதான் பேசுகிற காலம்.

நகரத்துக்குள் கதை வேறு. ஆசிரியர்கள், உத்தியோகத்தர்களின் வருடாந்த இடமாற்றம் பெரும்பாலும் ஜனவரியில் நடைமுறைக்கு வருவதால், மார்கழியில் வீடுகள் காலியாகும், அதே கிழமைகளில் நிரம்பியும்விடும். கார்த்திகையிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். மழைக்காலத்தில் வீடு பார்ப்பதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. எங்கே ஒழுகுகிறது, ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் கண்முன்னே தெரியும். ஆவணியில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

வருகிற தேதி நெருங்கிவிட்டதா? அவசரத்தில் வருடக் குத்தகை எழுத வேண்டாம். முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு போடிங் அறையோ அனெக்ஸோ எடுத்துத் தங்கிக்கொண்டு ஆறுதலாகத் தேடுங்கள். அந்த வாடகை வீண் செலவு போலத் தோன்றும். பிழையான வீட்டில் ஒரு வருட அட்வான்ஸ் சிக்குவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது.

எந்தப் பக்கம்?

ஏகாம்பரம் வீதி, வித்தியாலயம் வீதி, டொக்யார்ட் வீதிப் பக்கங்களில் வாடகை கூட. பாடசாலையும் ஆஸ்பத்திரியும் சந்தையும் நடக்கிற தூரம் என்பதற்குக் கொடுக்கிற விலை அது. உவர்மலை அலுவலகக்காரர்களின் இடம். ஆளுநர் செயலகமும் அங்கே இருக்கிறது, மேட்டு நிலம், காற்றும் நன்றாக வரும். அதனால் வீடு காலியாவதும் அபூர்வம்.

பாலையூற்று, அன்புவழிபுரம், செல்வநாயகபுரம், வரோதயநகர், இன்னும் போனால் கன்னியாப் பக்கம் என்று உள்ளே போகப்போக வாடகை இறங்கும், வளவு பெரிதாகும். பிரதம செயலகம் வரோதயநகரில் இருப்பதால் அங்கே வேலை செய்பவர்களுக்கு நகரத்தைவிட இந்தப் பக்கம்தான் வசதி. “நல்ல ஆட்கள் எல்லாம் டவுனுக்குள்ளதான்” என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். இந்தக் குடியிருப்புகளில் அயலவர் ஒருவரையொருவர் அறிந்து வாழ்கிறார்கள். புதிதாக வரும் குடும்பத்துக்கு அது பெரிய துணை.

கிண்ணியாவிலோ மூதூரிலோ வேலை என்றால் நகரத்தில் வீடு எடுக்க வேண்டியதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து இலகுதான், ஆனால் தினமும் இரண்டு தரம் பஸ்ஸில் நிற்கிற உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வளாக மாணவர்கள் நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் தேடலாம். அறை பேசும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: “சீசன் மாதங்களிலும் இந்த அறை எங்களுக்குத்தானா?” சில இடங்களில் சித்திரை வந்ததும் மாணவரை எழுப்பிவிட்டுச் சுற்றுலாக்காரருக்குக் கொடுப்பார்கள், பரீட்சை நடக்கிறதே என்று பார்க்கமாட்டார்கள்.

வீடு எப்படிக் கிடைக்கும்

இணையத்தில் இக்மன், முகநூல் குழுக்கள் எல்லாம் பாருங்கள். ஆனால் நல்ல வீடுகள் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை, வாய்வழியாகவே போய்விடுகின்றன. நீங்கள் வரப்போகும் அலுவலகத்திலிருந்து யார் மாற்றலாகிப் போகிறார் என்று விசாரியுங்கள், அவர் விடுகிற வீடுதான் உங்கள் முதல் வாய்ப்பு. அப்புறம் ஓட்டோக்காரர், ஒழுங்கை முனைக் கடைக்காரர், கோயிலடியில் அல்லது பள்ளிவாசலடியில் நிற்கும் பெரியவர்கள். “அண்ணன், இந்தப் பக்கம் வீடு ஏதும் வாடகைக்கு இருக்கா? நாங்க குடும்பமா வாறம்” என்று நின்று கேட்டால் முகம் கொடுத்துப் பதில் சொல்கிற ஊர் இது. தரகர் மூலம் போனால் அவருடைய கூலி எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை வீடு பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சில வீட்டுக்காரர் நீங்கள் என்ன மதம், எந்த ஊர், மச்சம் சமைப்பீர்களா, தனி ஆளா என்றெல்லாம் கேட்பார்கள். தனியாக வரும் பெண்களுக்கும் இளம் ஆண்களுக்கும் “குடும்பத்துக்கு மட்டும்தான்” என்ற பதில் அடிக்கடி வரும். இது மனதை நோகடிக்கிற விஷயம், நியாயமும் இல்லை. வாதாடி அந்த வீட்டை எடுத்தால் அங்கே நிம்மதியாக இருக்கவும் முடியாது. உங்களை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர், கூட வேலை செய்யும் ஆசிரியரோ தாதியோ, நேரில் வந்து ஒரு சொல் சொன்னால் பல கதவுகள் திறக்கின்றன.

வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். “இன்னும் நாலு பேர் கேக்கினம், பத்தாயிரம் போட்டுவிட்டா உங்களுக்குப் பிடிச்சு வைக்கிறன்” என்று தொலைபேசியில் சொல்பவர் அந்த வீட்டுக்கே சம்பந்தமில்லாதவராக இருக்கலாம்.

பார்க்கப் போகும்போது

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். குழாய்த் தண்ணீர் எந்த நேரம் வருகிறது, மேல்தளத் தொட்டிக்கு ஏற மோட்டர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, குழாயை நீங்களே திறந்து பாருங்கள். கிணறு இருந்தால் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பாருங்கள். கடற்கரையோரக் கிணறுகள் மழைக்குப் பின் நன்றாக இருக்கும், கோடையில் உவர்க்கும்.

அடுத்தது மின்மானி. புதியவர்கள் பார்க்காமல் விடுவது இதைத்தான். மேலும் கீழும் இரண்டு குடும்பம், ஒரே மின்மானி என்றால் கவனம். வீட்டு மின்கட்டணம் 30, 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டிவிட்டால் முதல் அலகிலிருந்தே வேறு விலை. தனித்தனியாக 80, 90 அலகு பாவிக்கிற இரண்டு குடும்பங்கள் ஒரே மானியில் சேர்ந்தால் 170ஐத் தொடும், மேல்படி விலை இருவர் தலையிலும் விழும். வீட்டுக்குள் தனியாக அளக்கும் சப் மீட்டர் போட்டிருந்தாலும் அலகுதான் பிரியும், படி பிரியாது. தனி மின்மானி உள்ள வீட்டுக்கு மாதம் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுப்பது பல நேரம் லாபம். பழைய கரண்ட் பில்லையும் தண்ணி பில்லையும் வாங்கிப் பாருங்கள். நிலுவை இருந்தால் தெரியும், பில்லில் யார் பெயர் இருக்கிறது என்பதும் தெரியும்.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறைகளைப் பகல் இரண்டு மணிக்குப் பார்க்கவேண்டும். வைகாசி தொடங்கி கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த அறைகளில் இரவிலும் சுவர் சுடும். ஏசி இல்லாமல் இருக்க முடியாது என்றால் அந்தச் செலவும் வாடகைதான். ஓட்டு வீடு பழசாகத் தெரிந்தாலும் சூட்டுக்கு நல்லது, ஆனால் மழைக்கு முன் ஓடு மாற்றித் தருவாரா என்று கேட்டுவைக்கவேண்டும். கடலுக்குக் கிட்ட என்றால் யன்னல் கம்பி, கேற், தண்ணீர்த் தொட்டி நிற்கும் இரும்புச் சட்டம் எல்லாம் கறள் பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது ஒழுங்கையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர் வீட்டில் கேளுங்கள். பூமரம் வைக்க ஆசையென்றால் வேலியையும் பாருங்கள். நகரத்துக்குள் மான்கள் தெருவிலேயே திரிகின்றன, திறந்த கேற்றுக்குள் வந்து எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டுப் போகும்.

வருடக் கணக்கும் பேரமும்

எண்களைக் கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொள்வோம். நகரத்துக்குள் ஒரு வீடு 40,000. கன்னியாப் பக்கம் அதே அளவு வீடு 28,000. வருடத்துக்கு 1,44,000 மிச்சம் என்று தெரிகிறது. ஆனால் இரண்டு பிள்ளைகளின் பாடசாலை வானுக்கும் உங்கள் பெற்றோலுக்கும் மாதம் 14,000 கூடுதலாகப் போனால் வருடத்தில் 1,68,000. “மலிவான” வீடு 24,000 ரூபாய் அதிகமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லாத தம்பதிக்கு அதே வீடு உண்மையிலேயே லாபம். ஆகவே இன்னொருவர் சொன்ன வாடகையை உங்கள் கணக்காக எடுக்காதீர்கள். எல்லாம் சேர்த்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் பொறுத்திருந்து இன்னும் தேடுவது நல்லது.

அட்வான்ஸ் இங்கே மூன்று விதம். ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணமாகக் கொடுத்து, அது முடியும்வரை மாதாமாதம் எதுவும் கட்டாமல் இருப்பது ஒன்று. பாதி கழிந்து பாதி கட்டுவது இன்னொன்று: 2,40,000 கொடுத்து வாடகை 40,000 என்றால், மாதம் 20,000 கழியும், 20,000 கையில் கொடுப்பீர்கள், ஒரு வருடத்தில் முற்பணம் தீரும். மூன்றாவது, கழியாமல் நின்று வீடு விடும்போது முழுதாகத் திரும்பி வருவது. மூன்றையும் “அட்வான்ஸ்” என்றுதான் சொல்வார்கள். “கழியுமா, திரும்புமா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடன் எடுத்து அட்வான்ஸ் கட்டுவதானால் வட்டியையும் வருடக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பேரத்தில் உங்கள் பலம், நீங்கள் நீண்ட காலம் நிலையாக இருப்பதுதான். உப்புவெளியில் ஒரு வீட்டுப் பேச்சு இப்படித்தான் போகும்:

“நாப்பது சொல்றீங்க ஐயா. முப்பத்தஞ்சுக்கு ரெண்டு வருசம் எழுதித் தாங்க.”

“சீசனுக்கு நாள் வாடகைக்குக் கேட்டு வாறாங்க தம்பி.”

“மாரியில பூட்டித்தானே ஐயா கிடக்கும்? பூட்டிக் கிடந்தா கறளும் கறையானும்தான். நாங்க இருந்தா வீடும் துப்புரவா இருக்கும், மாசம் ஒண்டாம் தேதி காசும் வரும். ரெண்டாம் வருசம் ரெண்டாயிரம் கூட்டித் தாறம்.”

கடைசி வரி முக்கியம். கூட்டமாட்டேன் என்று அடம்பிடிப்பதைவிட, எவ்வளவு, எப்போது கூடும் என்பதை இன்றே கட்டிப்போடுவது நல்லது. வாடகை ஏறுகிற காலத்தில் திறந்துவிட்ட வார்த்தை எதுவும் குடியிருப்பவருக்குச் சாதகமாக முடிவதில்லை.

பத்திரம்

இதில் அவசரப்படாதீர்கள். கடையில் வாங்கிய படிவத்தில் இருவரும் கையெழுத்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில், சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் சட்டத்தின் முன் குத்தகையாக நிற்கும். நொத்தாரிசு கட்டணமும் முத்திரைத் தீர்வையும் செலவுதான், வீட்டுக்காரரோடு பேசிப் பிரித்துக்கொள்ளலாம். எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதியவும் சொல்லுங்கள். நடுவில் வீடு கைமாறினாலும் குத்தகைக் காலம் முடியும்வரை உங்கள் இடம் நிற்க அது வேண்டும். கடற்கரைப் பக்கம் காணி அடிக்கடி கைமாறுகிறது.

எழுதுவதற்கு முன் நொத்தாரிசிடம் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லவேண்டும். ஒன்று, காணி சொந்த உறுதி உள்ள காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியா என்பது. இந்த மாவட்டத்தில் அரச அனுமதிப்பத்திரக் காணிகள் நிறைய. அவற்றை அனுமதியில்லாமல் குத்தகைக்குக் கொடுக்க முடியாது. இரண்டு, கையெழுத்து வைப்பவர் யார் என்பது. சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, சாவி அண்ணன் மகனிடம் இருக்கும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சொந்தக்காரருக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் இல்லாமல் அவர் வைக்கும் கையெழுத்தால் உங்களுக்குப் பயனில்லை.

பத்திரத்தில் இருக்கவேண்டியவை: வாடகையும் அதைக் கொடுக்கும் தேதியும், அட்வான்ஸ் தொகையும் அது கழியும் விதமும், கூட்டும் தொகை, இரு பக்கமும் கொடுக்கவேண்டிய முன்னறிவித்தல் (இரண்டு மாதமாவது), மோட்டர், கூரை, கழிவுக்குழி பழுதானால் யார் செலவு என்பது. “வாடகைச் சட்டம் இருக்குத்தானே, கூட்டமுடியாது” என்று சிலர் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்திலிருந்து பிந்திய திருத்தங்கள் பெரும்பாலான புதிய வீடுகளை வெளியே எடுத்துவிட்டன. அதை நம்பி இருக்காதீர்கள், உங்கள் காப்பு உங்கள் பத்திரம்தான். காலம் முடிந்த பிறகும் இழுத்துக்கொண்டு இருக்கலாம் என்றும் எண்ணவேண்டாம். குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீளப்பெற 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் தனியாக வந்திருக்கிறது.

குடிவந்த பின்

சாவி வாங்கும் அன்றே மின்மானி, தண்ணீர்மானி இலக்கங்களைப் படம் எடுங்கள். சுவர் வெடிப்பு, உடைந்த யன்னல், ஓடாத பான் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். வாடகையை வங்கியில் போடுங்கள். கையில்தான் வேண்டும் என்றால் மாதாமாதம் ரசீது வாங்குங்கள். “எங்களுக்குள்ள என்ன ரசீது” என்று அன்பாகச் சொல்பவரிடமும் அன்பாகவே கேட்டு வாங்கலாம்.

கிராம சேவகரிடம் போய்ப் பதிந்து, வாக்காளர் இடாப்புக் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இந்த முகவரியில் வரச் செய்யுங்கள். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது வதிவிடத்தை ஆவணங்களால் காட்டவேண்டும், வாக்காளர் பதிவுக்கும் முறையான குத்தகைப் பத்திரத்துக்கும் அங்கே மதிப்பு உண்டு. சில வீட்டுக்காரர் உரிமை கொண்டாடிவிடுவார்கள் என்ற பயத்தில் பதிய விடமாட்டார்கள். அதனால் இதையும் பத்திரம் எழுதும் நாளிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும்.

குத்தகை முடிய மூன்று மாதம் இருக்கும்போது புதுப்பிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள், அந்த மூன்று மாதம் சீசனுக்குள் விழாதபடி முதல் பத்திரத்தின் தேதியைப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. வீடு விடுவதானால் முன்னறிவித்தலை எழுத்தில் கொடுங்கள். கடைசி பில்களைக் கட்டி, முதல் நாள் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து பாருங்கள். திரும்பவேண்டிய அட்வான்ஸ் கைக்கோ வங்கிக்கோ வந்த பிறகு சாவியைக் கொடுத்து, இரு பக்கமும் கொடுக்கல் வாங்கல் முடிந்தது என்று ஒரு கடிதத்தில் இருவரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.